அத்தியாயம் 7: வட்டு பழுதானால் கர்னல் என்ன செய்ய வேண்டும்?

திருவண்ணாமலையிலிருந்து போளூர் போகும் வழியில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது கலசப்பாக்கம். அங்கே ஒரு பள்ளியில் மதிப்பெண் பதியும் கம்ப்யூட்டரையோ, இ-சேவை மையத்தின் கம்ப்யூட்டரையோ, விதைக் கடையின் கணக்குப் பெட்டியையோ நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்தான் இருக்கும். இரட்டைப் பிரதி கிடையாது. பக்கத்து அறையில் சிஸ்டம் அட்மினும் கிடையாது. டிஸ்க் பழுதானால் அதைத் துணியில் சுற்றிச் சென்னைக்கு எடுத்துப்போக வேண்டும். நீங்கள் எழுதப்போகும் கோப்பு முறைமையின் பிழை கையாளும் பகுதி இந்தக் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்திருக்கும் மனிதருக்காகத்தான் எழுதப்படுகிறது. டேட்டா சென்டரில் இருப்பவருக்கு வேறு பத்து பாதுகாப்புகள் உண்டு. இவருக்குக் கர்னல் சொல்லும் ஒரு வரிதான் உண்டு.

இதே மலையின் இன்னொரு பக்கம் காவலூர். இன்று வேணு பாப்பு பெயரில் இயங்கும் வானாய்வகம் அங்கே இருக்கிறது. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, அங்கிருந்த 1 மீட்டர் தொலைநோக்கி வழியாக ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்த விண்மீனின் ஒளியைப் பதிவு செய்தார்கள். ஒளி சில நொடிகள் மங்கிய தடம் அந்தப் பதிவில் விழுந்திருந்தது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உண்டு என்று பிறகு உறுதியானபோது அதுவும் ஒரு சான்றாயிற்று. அந்த மறைப்பு திரும்ப வராது. பதிவு போயிருந்தால் போனதுதான். பள்ளி மதிப்பெண்ணும் கடைக் கணக்கும் அவற்றைப் பதிந்தவருக்கு அப்படிப்பட்டவைதான்.

பழுதான வட்டைக் கோப்பு முறைமையால் சரிசெய்ய முடியாது. பிழையை அது மறைக்காமல் இருக்கலாம். கெட்டதன் மேல் இன்னும் கெட்டதை எழுதாமல் இருக்கலாம். இந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்வது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம்.

பிழை எங்கிருந்து வருகிறது

வட்டு ஒன்று நல்லதாக இருக்கும், இல்லையேல் மொத்தமாகச் செத்துப்போகும் என்று நினைப்பதுதான் பழைய வழக்கம். அப்படி இல்லை. பெரும்பாலும் ஒரு செக்டர் மட்டும் படிக்க மறுக்கும், மற்றவை நன்றாக இருக்கும். லட்சுமி பைரவசுந்தரமும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வில் 15.3 லட்சம் வட்டுகளை 32 மாதங்கள் கவனித்தார்கள். அவற்றில் 3.45 சதவீதம் வட்டுகளில் இப்படி மறைந்திருந்த செக்டர் பிழைகள் வெளிப்பட்டன. நூறு கம்ப்யூட்டர் உள்ள இடத்தில் மூன்று நான்கு என்றால் அதை அபூர்வம் என்று ஒதுக்க முடியாது.

செக்டர் படிக்க வராதபோது வட்டே உள்ளுக்குள் பலமுறை முயன்று பார்க்கும். அதற்கு மேல் லினக்ஸின் ஸ்கஸி அடுக்கு இருக்கிறது. ஒரு கட்டளைக்கு அது வழக்கமாக 30 நொடி காத்திருக்கும். பதில் வராவிட்டால் கட்டளையை ரத்து செய்யும், பிறகு சாதனத்தை ரீசெட் செய்யும், அதுவும் பலிக்காவிட்டால் இன்னும் மேலே போய்க் கடைசியில் சாதனத்தை ஆஃப்லைன் ஆக்கிவிடும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் பிழை உங்கள் கைக்கு வருகிறது. ஆகவே கோப்பு முறைமைக்குள் 'இன்னும் மூன்று தடவை படித்துப் பார்ப்போம்' என்று ஒரு சுழற்சி எழுதாதீர்கள். கீழே முயன்று முடித்ததையே மேலே பெருக்குகிறீர்கள். கம்ப்யூட்டர் நிமிடக்கணக்கில் உறைந்து நிற்கும், அதற்குள் அந்த மனிதர் பவர் பட்டனை அழுத்திவிடுவார். இன்னொரு பிரதி இருந்தால் மட்டும் மறுமுயற்சிக்குப் பொருள் உண்டு. பிடிஆர்எஃப்எஸ் இரட்டைப் பிரதியோடு இருந்தாலோ, கீழே ரெய்ட்-1 இருந்தாலோ, மறுபிரதியிலிருந்து படித்து, கெட்ட இடத்தின் மேல் அதையே எழுதலாம். அப்படி எழுதும்போதுதான் வட்டு அந்த செக்டருக்குப் பதில் உபரி செக்டர் ஒன்றை ஒதுக்கும்.

பிளாக் அடுக்கிலிருந்து வரும் விடை 2017இல் கர்னல் 4.13 முதல் தனி வகையாக வருகிறது. அதற்கு முன் அது வெறும் எண். இப்போது ஊடகப் பிழை, நேரம் கடந்தது, இடம் இல்லை, இணைப்பு அறுந்தது எல்லாம் தனித்தனியாகத் தெரியும். மேலே அனுப்பும்போது இவை பழகிய பிழை எண்களாக மாறுகின்றன. பொதுவான உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை 5. ஊடகப் பிழை 61. நேரம் கடந்தால் 110. இடம் இல்லையென்றால் 28. இந்த வேறுபாட்டை வழியில் தொலைத்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் 5 என்று தட்டையாக்குவது சுலபம். ஆனால் இடமில்லாத நிலைமை நாளைக்கே சரியாகலாம், ஊடகப் பிழை சரியாகாது. இரண்டுக்கும் நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு வேறு.

இன்னொரு எச்சரிக்கை. பிழை உங்களிடம் வரும் இடம், அதாவது பிஐஓ முடியும்போது அழைக்கப்படும் செயல்கூறு, பல நேரம் இன்டரப்ட் சூழலில் ஓடும். அங்கே தூங்கக்கூடாது, மியூடெக்ஸ் பிடிக்கக்கூடாது, சூப்பர்பிளாக்கை எழுதப் போகக்கூடாது. பிழையைக் குறித்துக்கொண்டு மிச்ச வேலையை ஒரு வொர்க்கியூவிடம் ஒப்படையுங்கள். எக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டும் அப்படித்தான் செய்கின்றன.

படிக்கும்போது

பயனரின் கோப்பிலிருந்து ஒரு பிளாக் வரவில்லை என்றால் வேலை எளிது. அந்தப் பேஜைச் சரியானது என்று குறிக்காதீர்கள். கேட்டவருக்குப் பிழையைக் கொடுங்கள். பூஜ்ஜியங்களால் நிரப்பிக் கொடுக்காதீர்கள். முன்கூட்டியே படித்து வைக்கும்போது பிழை வந்தால் மௌனமாக விட்டுவிடலாம். அந்தப் பேஜை யாரும் இன்னும் கேட்கவில்லை, கேட்கும்போது மறுபடி படிக்கப்படும்.

மெட்டாடேட்டா வேறு கதை. ஐநோடோ, இடம் காட்டும் பிட்மேப்போ படிக்க வராவிட்டால், அல்லது வந்தும் செக்சம் பொருந்தாவிட்டால், அதை நம்பி அடுத்த அடி வைக்கக்கூடாது. கெட்ட பிட்மேப்பை நம்பி இடம் ஒதுக்கினால், இன்னொருவரின் கோப்புக்கு மேலேயே எழுதிவிடுவீர்கள். எக்ஸ்டி4 இந்த இடத்தில் மூன்று வழி வைத்திருக்கிறது: தொடர்ந்து போ, படிக்க மட்டும் என்று மாற்று, கர்னலையே நிறுத்து. எது என்பதை மவுண்ட் செய்யும்போதோ, சூப்பர்பிளாக்கிலோ சொல்லிவைக்கலாம். டெபியன் நிறுவி ரூட் பகுதிக்கு இரண்டாவது வழியை எஃப்எஸ்டேபில் தானே எழுதிவைக்கும். 2011இல் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் மாணவர் வீடுகளுக்குப் போன கணினிகளில் சி-டாக் உருவாக்கிய, டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆகவே இந்த இயல்பை அறியாமலே அதோடு பழகிய வீடுகள் நம் ஊர்களில் நிறைய. திடீரென்று எந்தக் கோப்பையும் சேமிக்க முடியவில்லை, ஆனால் எல்லாம் திறக்கிறது என்றால் வைரஸ் என்று பதற வேண்டாம். வட்டில் ஏதோ கெட்டிருக்கிறது, கர்னல் கையைக் கட்டிக்கொண்டது என்பதுதான் முதல் ஊகமாக இருக்க வேண்டும்.

மூன்றில் எது சரி என்று கேட்டால், கலசப்பாக்கத்துக் கம்ப்யூட்டருக்குப் படிக்க மட்டும் என்று மாற்றுவதே சரி என்பேன். தொடர்ந்து போவது சேதத்தைப் பரப்பும். நிறுத்துவது கோப்புகளை ஒரு பென்டிரைவுக்கு நகலெடுக்கும் கடைசி வாய்ப்பையும் பறிக்கும். மாற்று சர்வர் தயாராக நிற்கும் இடத்தில் மட்டும் கர்னலை நிறுத்துவது நல்ல முடிவு.

எக்ஸ்டி4 செய்யும் இன்னொரு நல்ல காரியத்தை உங்கள் முறைமையிலும் வையுங்கள். முதல் பிழை, கடைசிப் பிழை இரண்டும் எப்போது, எந்தச் செயல்கூற்றில், எந்த வரியில் வந்தன என்பதையும் மொத்தம் எத்தனை என்பதையும் அது சூப்பர்பிளாக்கிலேயே பதிகிறது. அடுத்த முறை மவுண்ட் ஆகி ஐந்து நிமிடத்தில் அதைக் கர்னல் பதிவேட்டில் சொல்லும், பிறகு 24 மணி நேரத்துக்கு ஒருமுறை சொல்லும். யாராவது சரிபார்ப்பு ஓட்டும் வரை நிறுத்தாது. வட்டைப் பார்க்கத் தெரிந்தவர் மாதத்துக்கு ஒருமுறை வரும் இடத்தில் இந்த விடாப்பிடி எவ்வளவு பெரிய உதவி என்பதை எண்ணிப்பாருங்கள்.

எழுதும்போது

கஷ்டம் எல்லாம் இங்கேதான். படிக்கும் பிழை கேட்டவர் முகத்திலேயே தெரிந்துவிடும். எழுதும் பிழை அப்படியல்ல. நிரல் எழுதச் சொன்னபோது தரவு பேஜ் கேஷில் வைக்கப்பட்டது, 'சரி' என்று பதில் போனது. அரை நிமிடம் கழித்துக் கர்னல் அதை வட்டுக்கு எழுதப் போகும்போது பிழை வருகிறது. எழுதச் சொன்ன நிரல் அதற்குள் முடிந்து போயிருக்கலாம். யாரிடம் சொல்வது?

இந்தக் கேள்வியைக் கோப்பு முறைமைகள் நெடுங்காலம் சரியாக எதிர்கொள்ளவில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் விஜயன் பிரபாகரனும் உடன் இருந்தோரும் 2005இல் எக்ஸ்டி3, ரைசர்எஃப்எஸ், ஜேஎஃப்எஸ், என்டிஎஃப்எஸ் ஆகியவற்றுக்குக் கீழே வேண்டுமென்றே பிழைகளைப் புகுத்திப் பார்த்தார்கள். எக்ஸ்டி3 பல எழுதும் பிழைகளைக் கண்டுகொள்ளவே இல்லை. ரைசர்எஃப்எஸ் கிட்டத்தட்ட எந்த எழுதும் பிழை வந்தாலும் கர்னலை நிறுத்தியது. 2008இல் அதே குழுவிலிருந்து ஹர்யாடி குனாவியும் மற்றவர்களும் லினக்ஸின் கோப்பு முறைமை நிரல்களை ஆராய்ந்தபோது, பிழை எண் திரும்பி வரும் அழைப்புகளில் ஏறத்தாழ 13 சதவீதத்தில் அது கவனிக்கப்படாமலே கீழே விழுந்தது தெரிந்தது. படிப்பதைவிட எழுதுவதில்தான் இந்த அலட்சியம் அதிகம். ஒரு செயல்கூறு எதையும் திருப்பித் தராத வகையாக இருந்தால், அதற்குள் அழைக்கப்படும் எல்லாமும் ஊமையாகிவிடுகின்றன. உங்கள் நிரலில் அப்படிப்பட்ட செயல்கூறுகளைத் தேடி, பிழை எண் திருப்பித் தருபவையாக மாற்றுங்கள். இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

முதலில் ஜர்னல். 2005 ஆய்வு எக்ஸ்டி3இல் கண்ட ஒரு குறை இன்றும் பாடம். ஜர்னலுக்குள் ஒரு பிளாக் எழுதப்படாமல் தோற்றது. ஆனாலும் பரிவர்த்தனை முடிந்ததாகச் சொல்லும் கமிட் பிளாக் எழுதப்பட்டது. அடுத்த பூட்டில் ஜர்னலைத் திரும்ப ஓட்டினால், அந்தத் தோற்ற இடத்தில் கிடந்த பழைய குப்பையே நல்ல மெட்டாடேட்டாவின் மேல் போய் விழும். எனவே விதி: ஜர்னலுக்குள் எது தோற்றாலும் கமிட் பிளாக் போகக்கூடாது, ஜர்னல் அங்கேயே கைவிடப்பட வேண்டும், கோப்பு முறைமை படிக்க மட்டும் ஆக வேண்டும். வட்டின் உள் கேஷைக் காலிசெய்யும் ஃப்ளஷ் கட்டளை தோற்றாலும் இதே விதிதான். முந்தைய ஃப்ளஷுக்குப் பிறகு எழுதியது எதுவும் நிலைத்தது என்று சொல்ல முடியாது.

பிறகு மெட்டாடேட்டா தன் சொந்த இடத்துக்கு எழுதப்படும் கட்டம். பஃபர் எழுத முடியாமல் போனால், லினக்ஸின் பொதுச் செயல்கூறு அதன் மேல் 'எழுதும் பிழை' குறியைப் போட்டு, 'சரியானது' குறியை எடுத்துவிடும். அதற்குப் பிறகு யாராவது அந்த பிளாக்கைக் கேட்டால் கர்னல் வட்டிலிருந்து மறுபடி படிக்கும். வட்டில் இருப்பது பழைய பிரதி. அதுவும் பிழையின்றிப் படிக்கக் கிடைக்கும்! நினைவகத்தில் இருந்த புதிய பிரதி போய்விடும், யாருக்கும் தெரியாது. இதைத் தடுக்கத்தான் எக்ஸ்டி4, எழுதும் பிழைக் குறி உள்ள பஃபரை மறுபடி படிக்காமல், நினைவகத்தில் உள்ளதையே சரியானதாக எடுத்துக்கொள்கிறது. இரண்டு மூன்று வரிச் செயல்கூறு அது. பஃபரைப் பயன்படுத்தும் எந்தக் கோப்பு முறைமை எழுதுகிறவரும் அதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

இனி பயனரின் தரவு. இங்கே எஃப்சிங்க் என்பது பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை மாதிரி: கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குச் சொல்லும் ஒரே சான்று. 4.13க்கு முந்தைய கர்னல்களில் அந்த அட்டை முதலில் கேட்டவர் கைக்குப் போய்விடும். கோப்பில் பிழை நடந்தது என்று ஒரே ஒரு குறி இருக்கும்; முதலில் எஃப்சிங்க் செய்தவர் அதைப் படித்ததும் அது அழியும்; இரண்டாவது நிரல் கேட்டால் 'எல்லாம் சரி' என்று வரும். 2017இல் ஜெஃப் லேட்டன் இதை மாற்றினார். எரர்செக் என்ற 32 பிட் எண் கோப்பின் கேஷோடு இருக்கும்: 12 பிட்டில் பிழை எண், ஒரு பிட்டில் 'யாராவது பார்த்தார்களா', மீதி 19 பிட்டில் ஓர் எண்ணிக்கை. கோப்பைத் திறந்த ஒவ்வொருவரும் தாம் கடைசியாகப் பார்த்த எண்ணை வைத்துக்கொள்வார்கள். இரண்டும் வேறாக இருந்தால் அவர்களுக்குப் பிழை போகும், ஒவ்வொருவருக்கும் ஒருமுறை.

ஆனாலும் ஒரு முள் மிச்சம் இருந்தது. 2018இல் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தை உருவாக்குவோரிடையே கிரெய்க் ரிங்கர் அதை எடுத்துச் சொன்னார். எஃப்சிங்க் ஒருமுறை தோற்றதும் போஸ்ட்கிரஸ் மறுபடி எஃப்சிங்க் செய்யும். இரண்டாவது முறை வெற்றி என்று வரும். உடனே, மாற்றங்களை முதலில் எழுதிவைக்கும் தன் பதிவேட்டின் பழைய பகுதியைத் தூக்கிவிடும். உண்மையில் முதல் தோல்வியிலேயே கர்னல் அந்தப் பேஜ்களை 'எழுதப்பட்டவை' என்று மாற்றிவிட்டிருந்தது. இரண்டாவது எஃப்சிங்குக்கு எழுத எதுவும் இல்லை; அதனால்தான் வெற்றி. 2019 பிப்ரவரியில் வந்த பதிப்புகளில், எஃப்சிங்க் தோற்றால் உடனே நின்று, பதிவேட்டிலிருந்து மீட்டெழும்படி போஸ்ட்கிரஸ் மாற்றப்பட்டது.

கர்னல் ஏன் அப்படிச் செய்கிறது என்று கோபப்பட வேண்டாம். பென்டிரைவைப் பிடுங்கிவிட்டார்கள் என்றால், எழுத முடியாத பேஜ்கள் நினைவகத்தை அடைத்துக்கொண்டே போகும், கம்ப்யூட்டரே நின்றுவிடும். ஆகவே பேஜை விடுவிப்பதை என்னால் ஏற்க முடிகிறது. சொல்லாமல் விடுவிப்பதை ஏற்க முடியாது. 2020இல் வந்த இன்னோர் ஆய்வு ரெடிஸ், எல்எம்டிபி, லெவல்டிபி, எஸ்க்யூலைட், போஸ்ட்கிரஸ் ஐந்தையும் எக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் மூன்றின் மேலும் ஓட்டியது. எஃப்சிங்க் தோற்ற பின் எக்ஸ்டி4உம் எக்ஸ்எஃப்எஸ்உம் நினைவகத்தில் புதிய உள்ளடக்கத்தைக் காட்டுகின்றன. பிடிஆர்எஃப்எஸ் பழையதற்குத் திரும்புகிறது. ஐந்து நிரல்களில் எதன் வழிமுறையும் எல்லா இடத்திலும் போதவில்லை. நீங்கள் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்பதை ஆவணத்தில் எழுதிவையுங்கள். மேலே நிரல் எழுதுபவர் ஊகிக்க வேண்டியிருக்கக் கூடாது.

கோப்பை யாரும் திறந்து வைத்திருக்கவில்லை, ஐநோடும் நினைவகத்திலிருந்து நீங்கிவிட்டது என்றால் எரர்செக்கும் அதோடு போய்விடும். கர்னல் பதிவேட்டு வரிதான் மிச்சம். அந்த வரியில் சாதனத்தின் பெயர், ஐநோட் எண், பிளாக் எண், பிழை எண் நான்கும் இருக்கட்டும். 'ஏதோ பிழை' என்று மட்டும் எழுதினால் எந்தக் கோப்பு போயிற்று என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஒரே வரி ஆயிரம் முறை அச்சாகாமல் வேகக் கட்டுப்பாடும் வையுங்கள்; அந்தப் பதிவேடே பழுதான வட்டில்தான் எழுதப்படுகிறது.

எவ்வளவு காலம் காத்திருப்பது

எக்ஸ்எஃப்எஸ் இதற்கு ஒரு நல்ல வழி கண்டது. 2016இல் கர்னல் 4.7 முதல், மெட்டாடேட்டா எழுதத் தோற்றால் எத்தனை தடவை, எத்தனை நொடி முயல வேண்டும் என்பதைப் பிழை எண்வாரியாக சிஸ்எஃப்எஸ் வழியே மாற்றலாம். பிழை 5 வந்தால் இயல்பாக முடிவின்றி முயலும். சாதனமே இல்லை என்ற பிழை 19 வந்தால் முயலவே முயலாது. பெரிய சேமிப்பு வலையமைப்பில் கேபிள் மாறும் சில நொடிகளுக்கு முடிவற்ற முயற்சி சரி. கடைக் கம்ப்யூட்டரின் ஒற்றை வட்டுக்கு அது வீண் காத்திருப்பு. ஓர் எல்லை வையுங்கள். அன்மவுண்ட் செய்யும்போது மட்டும் முயற்சியை நிறுத்தும் ஏற்பாடு இயல்பிலேயே இருக்கிறது. அது இல்லையென்றால் கம்ப்யூட்டரை அணைக்கவே முடியாது.

எஸ்டி கார்டும் மலிவான எஸ்எஸ்டியும் ஆயுள் முடியும்போது தாமே எழுத மறுத்து, படிக்க மட்டும் தரக்கூடும். அதை வழக்கமான ஒரு முடிவாகவே உங்கள் நிரல் எதிர்பார்க்கட்டும்.

சோதித்துப் பார்ப்பது

பிழை வழிகள் அன்றாடம் ஓடாதவை. ஆகவே அவற்றில்தான் வழுக்கள் நிறைய. கெட்ட வட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். பழைய மடிக்கணினியிலேயே ஒரு பெரிய கோப்பை லூப் சாதனமாக்கி, அதன் மேல் டிவைஸ் மேப்பரின் ஃப்ளேக்கி இலக்கைப் போடுங்கள். இத்தனை நொடி நன்றாக இருக்கும், இத்தனை நொடி பிழை தரும் என்று அதற்குச் சொல்லலாம். எழுதுவதை மட்டும் தோற்கடிக்கலாம், அல்லது வெற்றி என்று சொல்லிவிட்டுத் தரவைக் கீழே போடச் சொல்லலாம். குறிப்பிட்ட செக்டர்களை மட்டும் கெடுக்க டஸ்ட் இலக்கு இருக்கிறது.

எக்ஸ்எஃப்எஸ்ஸுக்காகத் தொடங்கி இன்று எல்லாருக்கும் பொதுவாகிவிட்ட எஃப்எஸ்டெஸ்ட்ஸ் தொகுப்பில் இரண்டு சோதனைகளை முதலில் ஓட்டுங்கள். பொதுப் பிரிவின் 441, ஒரே கோப்பைப் பலர் திறந்திருக்கும்போது எஃப்சிங்க் பிழை எல்லாருக்கும் போகிறதா என்று பார்க்கும். 475, மும்முரமாக எழுதிக்கொண்டிருக்கும்போதே சாதனம் முழுதும் பிழை தரும்படி மாற்றி, பிறகு சரியாக்கி, மறுபடி மவுண்ட் ஆகிறதா என்று திரும்பத் திரும்பச் சோதிக்கும். 441 தேறி 475இல் கம்ப்யூட்டர் தொங்கினால், பிழை வழியில் எங்கோ ஒரு பூட்டை விடுவிக்காமலோ, பேஜின் 'எழுதப்படுகிறது' குறியை எடுக்காமலோ வெளியேறுகிறீர்கள் என்று பொருள். லாக்டெப்பை இயக்கிய கர்னலில் அதையே மறுபடி ஓட்டி, தொங்கும் டாஸ்க்கின் ஸ்டாக்கைப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டிய இடம் ஜர்னலைக் கைவிட்ட பிறகு காத்திருப்போரை எழுப்பும் வரி.